துறையனின் வெடுக்கு

இல்லை, மீன் இல்லை. இன்றைக்கு எங்கள் வீட்டில் மீனே ஆக்கவில்லை. துறையன்தான். விடிந்ததும் வந்து என் காலடியில் படுத்தான். அந்த வெடுக்கு மணம் மூக்கில் ஏறியவுடன் நீ வழக்கமாகக் கேட்பது காதில் கேட்டது: "மச்சான், இண்டைக்கு என்ன மீன்?" சுடுதண்ணீரும் பழந்துணியும் எடுத்து அவனைத் துடைத்துவிட்டு வந்து இருந்து எழுதுகிறேன். இதை எங்கே அனுப்புவது என்று தெரியாது. தெரியாவிட்டால் என்ன.

வாவிக்கு அந்தப் பக்கம் சண்டை மூண்டு நீ எங்கள் குருக்கள்மடத்துக்கு வந்த நாளில் உன் தோளில் ஒரு பை தொங்கியது. உடுப்பு இருக்கும் என்று நினைத்தேன். உள்ளே இந்தக் குட்டி. துறையில் தோணிக்கு நின்றபோது யாரோ விட்டுவிட்டுப் போனது உன் காலைச் சுற்றியதாம், தூக்கிக்கொண்டாயாம். துறையில் கிடைத்ததால் துறையன். உன் வீட்டு ஆட்கள் சொந்தக்காரர் வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். அங்கே நாய்க்கு இடமில்லை. ஒரே வகுப்பில் படித்தவன் என்று நீ என்னிடம் வந்தாய். நான் அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டிருந்தேன். உன் பள்ளிக்கூடம் சண்டையில் மூடிப்போயிற்று. "நீ கெட்டிக்காரன்டா. நீ பள்ளிக்கூடத்த விட்டாய், என்னப் பள்ளிக்கூடம் விட்டிட்டு" என்று சிரித்தாய்.

குட்டி நாறியது. எங்களுக்கு அது தெரியவே இல்லை. அப்பா வாவியில் வலை போடுகிறவர். எங்கள் முற்றம், வலை, சட்டி, தலையணை எல்லாமே அந்த மணம்தான். மாமி சொல்லித்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டு மாமியை உனக்கு மறக்காது. ஷெல் விழத் தொடங்கினால் இரண்டு வீட்டு ஆட்களும் எங்கள் வளவில் வெட்டிய ஒரே பங்கருக்குள்தான் இறங்குவோம். நீ வந்த பிறகு முதல் தடவை இறங்கியபோது, அந்தப் புழுக்கத்தில் மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினா.

"என்ன மனே இது, பழுதான மீனப் பெட்டியோட கொண்டந்து வெச்ச மாதிரி? மறுகா இந்த நாய் உள்ளுக்கு வந்தா நான் வெளியில கிடந்து சாவன், சொல்லிப்போட்டன்!"

மாமி சொன்னால் சொன்னதுதான். மாமிக்குப் பின்னால் மூன்று பிள்ளைகள். அவவை வெளியில் விடமுடியாது. துறையனை வெளியில் விட்டால் முதல் சத்தத்துக்கே வெருண்டு றோட்டுக்கு ஓடிவிடுவான். அன்று பின்னேரம் முழுக்க அவனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாய்.

அம்மாவுக்கு வெடுக்கு என்றால் ஒரே வைத்தியம்தான். உப்பு, மஞ்சள், தேசிக்காய்ப் புளி. மீனுக்குப் பூசுகிற மாதிரியே குட்டிக்குப் பூசி ஊறவைத்தா. மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"என்ன கா, சொதியா, பொரியலா?"

"வாய மூடிக்கொண்டு போ கா. உனக்காகத்தான் இந்தப் பாடு."

துறையன் மஞ்சள் நாயாக ஊர் சுற்றினான். இரண்டு நாள் தேசிக்காய் மணத்தான், பிறகு பழையபடி. சாம்பல் போட்டுத் தேய்த்தோம். வாவியில் முக்கினோம், உப்புத்தண்ணீர் காய்ந்து சொறியத் தொடங்கினான். மீன்தலை போடுவதை நிறுத்தி வெறும் சோறு போட்டோம். மெலிந்தான். மணம் குறையவில்லை.

நீதான் ஒரு நாள் சொன்னாய். "மச்சான், இது மீன் இல்லடா. உங்கட வீட்டு மீன் காலமைக்கு ஒரு மணம், பின்னேரம் ஒரு மணம். இவன் எப்பவும் ஒரே மணம்." நெல்லும் வைக்கோலும் மணந்து வளர்ந்த மூக்கு உனக்கு. எங்கள் மூக்கு எப்போதோ செத்துவிட்டது. குட்டியைப் பிடித்துத் தலையிலிருந்து வால்வரை மோந்தாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "சிரியாத. முன்னுக்கு ஒண்டுமில்ல, எல்லாம் பின்னுக்குத்தான்."

அவன் குண்டியை மணலில் தேய்த்துத் தேய்த்துப் போவதை எல்லோரும் பார்த்திருந்தோம், பூச்சி என்று விட்டுவிட்டோம். வாலைத் தூக்கினால், ஓட்டைக்கு இரண்டு பக்கமும் பயறு மாதிரி வீக்கம். உனக்கும் அது என்னவென்று தெரியாது. நோகுதாக்கும் என்று சுடுதண்ணீரில் துணி நனைத்து மெல்ல ஒத்தடம் கொடுத்தாய். வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றவன் நான். மண்ணிறத்தில் என்னவோ பீச்சியடித்தது, நேரே நான் போட்டிருந்த சேட்டில்.

"ஐயோ! மச்சான், கண்டுபிடிச்சிட்டம்டா!"

கண்டுபிடித்தது நீ, குளித்தது நான்.

அன்றிலிருந்து அந்த மணம் என் மூக்குக்கும் பிடிபட்டது. சில நாளைக்கு ஒருக்கால் அப்படித் துடைத்தாய், வீக்கம் வற்றியது. அடுத்த ஷெல்லடிக்குத் துறையனை உன் சேட்டுக்குள் போட்டுக்கொண்டு இறங்கினாய். மாமி மோந்து பார்த்தா. அவனைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "நாய்க்கு ஒண்டுமில்ல. இவனத்தான் தேசிக்காய் போட்டுக் கழுவோணும்." வெளியில் வெடித்துக்கொண்டிருக்க, உள்ளே பிள்ளைகள் சிரித்தார்கள். துறையன் கடைசிப் பிள்ளையின் மடியில் நித்திரையாகிவிட்டான்.

பிறகு ஒரு நாள், உங்கள் வயல் வட்டையில் வேளாண்மை எப்படிக் கிடக்கென்று பார்த்துவிட்டு வருவதாகத் தோணி ஏறினாய். "இவனக் கட்டி வை மச்சான், பின்னால நீந்தி வந்திருவான்." கட்டி வைத்தேன். நீ அக்கரையில் இறங்கி வயல் வரம்பில் நடந்ததைத் தோணிக்காரர் கண்டார். அதற்குப் பிறகு கண்டவர் ஒருவரும் இல்லை. உன் அம்மா போகாத இராணுவ முகாம் இல்லை.

எனக்கு ஒரு பயம் இருக்கிறது. வலை மணம் எங்கள் மூக்குக்குப் பழகின மாதிரி இந்த ஊருக்கு எல்லாம் பழகிவிடும். ஷெல் பழகிவிட்டது. வெறும் வீடுகள் பழகிவிட்டன. "கொஞ்சக் காலம் போனாச் சரியாயிரும் மனே" என்று அம்மா என் தலையைத் தடவுகிறா. எனக்குச் சரியாகிவிட வேண்டாம். உன் அம்மாவோடு நானும் போகிறேன், ஒவ்வொரு முகாம் வாசலிலும் முதல் நாள் கேட்ட மாதிரியே கேட்கிறேன். காவலில் நிற்கிறவன் சலித்துக்கொள்கிறான். சலிக்கட்டும். நான் பொல்லாத வாய்க்காரன் என்று நீதானே சொல்வாய்.

உன் அம்மா வாசல் படலைக்கு வந்துவிட்டா. பஸ் வருகிற நேரம். போகவேண்டும்.