முன்சக்கர லாக்கரும் ஒரு வலது கையும்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? அத்தையின் இருமல் நின்றதா? கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே, காரணம் கடைசியில் இருக்கிறது.

பட்டறையில் சின்னக் கைகலப்பு, அவ்வளவுதான். மணலில் புதையும் ஜீப்புக்கு, முன்சக்கரம் இரண்டையும் ஒன்றாகச் சுழலவைக்கும் லாக்கர் மாட்ட வேண்டியிருந்தது. அதை ஓட்டுகிறவன் என் அறையில் தங்கியிருக்கும் டிரைவர், மீசை என்றுதான் கூப்பிடுவோம். சுவிட்ச் போட்டால் மட்டும் பூட்டிக்கொள்ளும் வகையைக் கேட்டான்.

"மணல்ல போறவனுக்கு சுவிட்ச் எதுக்குடா? இது தானா பூட்டிக்கும்" என்று என் பிடிவாதத்தில் மற்றதை மாட்டினேன். வண்டி மணலில் புலியாகப் பாய்ந்ததாம். கெட்டித் தரையில் திருப்பியபோது பூட்டு விடாமல் ஸ்டீயரிங் வெட்டி அவன் இடது கட்டைவிரலை முறித்துவிட்டது.

நேராகப் பட்டறைக்கு வந்தான். "இப்ப எது தானா பூட்டிக்குதுன்னு பாருடா!" என்று ஜாக்கிக் கம்பியால் என் வலது மணிக்கட்டில் ஒரே போடு. எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. நான் சும்மா விடுவேனா? தலையால் முட்டினேன். அவன் பல் இரண்டு தரையில் விழுந்தது, என் சட்டையெல்லாம் அவன் ரத்தம். பிரித்துவிட நாலு பேர் வேண்டியிருந்தது. லாக்கர் விஷயத்தில் அவன் சொன்னதுதான் சரி. பல் விஷயத்தில் எனக்கு வருத்தமே இல்லை.

ஒற்றைக் கையால் பொத்தான் போட முடியவில்லை, போட்டுவிடவும் ஆளில்லை. பனியன் இரண்டு அனுப்பு.

இப்போது எங்கள் அறைக்கு ஒரு வலது கைதான். இதை எழுதுவது மீசை. அதனால் மற்றதைச் சொல்லவில்லை.

உன் வீட்டுக்காரன்

தங்கச்சி, விழுந்தது மூணு பல்லு. நான் அடிச்சப்ப உங்க பேரச் சொல்லித்தான் கத்தினான். அத எழுதச் சொல்லல.