சவுக்குக்கு எந்தக் கிளை

13-2-61, திங்கள்

காலையில் நல்ல பனி. எட்டரைக்கே லேப். வெள்ளிக்கிழமை காலேஜைப் பார்வையிட யுனிவர்சிட்டி கமிஷன் வருகிறது. அதற்குள் பூக்கும் தாவரங்களின் வம்ச மரம் வரைந்து சுவரில் மாட்டியாக வேண்டும். அட்டை ஆறடி. டெமான்ஸ்ட்ரேட்டர் என்றால் படம் வரைகிற ஆள் என்று அர்த்தம் போல.

ஆம்பல், எருக்கு, பருத்தி எல்லாம் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டன. சவுக்கு மட்டும் நிற்கிறது. அதன் பூவுக்கு இதழே கிடையாது. பழைய புத்தகம்: இதழ் தோன்றுமுன்பே பிறந்தது, ஆகவே அடிமரத்தில். புதுப் புத்தகம்: இதழ் இருந்து இழந்தது, ஆகவே நுனிக்கிளையில். துறைத் தலைவர் சாரிடம் கேட்டேன்.

“எதையாவது ஒண்ணைப் போடும்மா.”

வாங்க: இந்தியன் இங்க், பிரஷ், அம்மாவுக்குத் தைலம்.

14, செவ்வாய்

நேற்று மாலை க.வின் பெரியப்பா வந்தார். (க. = கணேசன். வைகாசியில் எனக்கு மாப்பிள்ளை. அறந்தாங்கியில் கணக்கு வாத்தியார்.) காபியைத் தொடவில்லை.

“மொறை தப்புதுங்க. ஒங்க மக எங்க பயலுக்குத் தங்கச்சி மொறை வருது.”

அப்பா: “என்னங்க சொல்றீங்க? மாப்பிள்ளையோட ஆத்தா எனக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. அப்ப அத்தை மகன்தானே?”

“அது ஒங்க வழி. பொண்ணோட ஆத்தா வழியில பாருங்க. என் தம்பி, அதான் பயலோட அப்பன், அவுகளுக்குத் தூரத்து மாமன் மகன். மச்சான் மொறை. அப்ப இந்தப் புள்ளைக்குச் சித்தப்பா. சித்தப்பா மகன் அண்ணன்ல?”

அடுப்படியிலிருந்து அம்மா: “ஆமா, அப்படியும் இருக்கு.”

பெரியப்பா எழுந்து கிளம்பிவிட்டார். அம்மாவுக்கு முன்பே தெரியுமா? கேட்கப் பயம்.

16, வியாழன்

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. கெட்டுப்போன அட்டையின் பின்பக்கம் எங்கள் இரண்டு வீட்டையும் வரைந்து பார்த்தேன். அப்பா வழிக் கோடு க.விடம் போய்ச் சேர்கிறது. அம்மா வழிக் கோடும் சேர்கிறது. இரண்டும் சரி. மரமாக வரவில்லை, வளையமாக வருகிறது.

மதியம் சவுக்கின் ஆண்பூவை நசுக்கிச் சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் குரோமோசோம் எண்ணினேன். ஒன்பது. மறுபடி, பத்து. மறுபடி, ஒன்பது. கண் எரிச்சல்.

அட்டெண்டர் அந்தோணி, ஆவூர்க்காரர்: “சவுக்கு வெறகுதானே டீச்சரம்மா, அதுக்கு எதுக்கு இம்புட்டு ரோசனை?”

க.வைப் பார்த்தது ஒரே தடவை, பெண் பார்க்க வந்தபோது. அரைமணி நேரம். பிறகு எனக்கு ஏன் இப்படி?

17, வெள்ளி

கமிஷன் வந்து போயிற்று. சவுக்கை நுனிக்கிளையில் போட்டு, அடிமரத்துக்கும் ஒரு புள்ளிக்கோடு இழுத்திருந்தேன். நரைத்த தலைக்காரர் ஒருவர் நின்றார்.

“இதுக்கு மட்டும் ஏன் ரெண்டு கோடு?”

“தெரியலை சார்.”

எங்கள் சார் முகம் கறுத்துவிட்டது. வந்தவர், “யாருக்கும் தெரியலை” என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். பாராட்டா, கேலியா?

20, திங்கள்

பதினோரு மணி. ப்ராக்டிகல் நடுவில் லேப் வாசலில் க.! வராந்தாவுக்குப் போனேன்.

“பெரியப்பா ஒங்களைத் தங்கச்சின்னு கூப்பிட்டுட்டு வரச் சொன்னாரு. கூப்பிட்டா கல்யாணப் பேச்சு அதோட நின்னுரும்னாரு. பஸ்ஸு பூரா சொல்லிப் பாத்தேங்க. வாயில வரலை.”

“எந்த பஸ்ல வந்தீங்க?” என்று கேட்டேன். என்ன அசட்டுக் கேள்வி!

அவர் அதற்கும் பதில் சொன்னார். பிறகு, “ஒங்களுக்கு எப்படித் தோணுது?”

“ரெண்டும் சரியாத்தான் படுது.”

“எனக்கும்தான். ஆனா கிட்டத்து வழி ஒங்க அப்பா வழி. வீட்ல அதையே நான் பேசிக்கிறேன். ஒங்களுக்குச் சம்மதம்னா.”

தலையாட்டினேன். ஆட்டினேனா? ஆட்டியிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே போனார்.

24, வெள்ளி

நேற்று மாலை அப்பாவுக்கு அறந்தாங்கிக் கடிதம். பெரியப்பா கல்யாணத்துக்கு வரமாட்டாராம். மற்றவர்கள் வருகிறார்கள். முகூர்த்தம் மாறவில்லை. அம்மா அழுதாள், பிறகு பாயசம் வைத்தாள். ஏன் அழுதாள் என்று கேட்கவில்லை.

இன்று மதியம் லேபில் யாரும் இல்லை. “அத்தான்” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். பிறகு இன்னும் கொஞ்சம் உரக்க.

பக்கத்து அறையிலிருந்து அந்தோணி ஓடிவந்தார்.

“கூப்பிட்டீங்களா டீச்சரம்மா?”