இணைச்சீருக்கு வந்த குரல்

காட்டுப்பாளையம்
5.9.98

அன்புள்ள மரகதத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்களும் மாடு கன்றும் சுகம், உன்னையும் மாப்பிள்ளையையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையையும் சென்னிமலை முருகன் பார்த்துக்கொள்ளட்டும். உன் தம்பி செங்கோடன் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. போனில் நீ அழுதது மட்டும்தான் உனக்குத் தெரியும், பந்தலில் நடந்தது தெரியாது, அதற்குத்தான் இந்தக் கடுதாசி.

விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் உன்னைத் தடுத்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இணைச்சீரில் கூறைப்புடவைக் கூடையைச் சுமந்து கல்யாணப் பையன் பக்கத்தில் நிற்க வேண்டியவள் கூடப்பிறந்தவள், இருப்பதோ நீ ஒருத்தி. பெரியப்பா மகள் ராசாமணி நிற்கட்டும் என்றால், அக்கா இல்லாமல் இணைச்சீரே வேண்டாம் என்று செங்கோடன் முறுக்கிக்கொண்டான். அப்பாவுக்கும் அவனுக்கும் பேச்சே நின்றுபோனது. டெலிபோன் பூத் வைத்திருக்கும் அமீர் ஹம்சாதான், நம்மூருக்குக் கம்ப்யூட்டர் எக்ஸ்சேஞ்சு வந்தாச்சுங்களே, வெளிநாட்டுக்கும் நேரா லைன் கிடைக்குதுங்க, அம்மணியைப் போனிலேயே வரச்சொல்லுங்க என்றார். வீட்டுப் போனைப் பந்தலுக்குக் கொண்டுவர வயரும் அவரே இழுத்துக் கொடுத்தார், மகராசன். முன்பு டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு நாளெல்லாம் காத்துக்கிடப்போமே, இப்போது உங்கப்பா உக்கடத்து மண்டிக்குப் போன் போட்டு விலை கேட்காமல் ஒரு தக்காளி பறிப்பதில்லை, அந்தப் பெருமை தாங்க முடியவில்லை.

சீர் நடத்த வந்த அருமைக்காரர் திருமலைசாமி மாமாதான் முகம் சுளித்தார், குரலை வைத்துச் சீர் செய்வது எந்த ஊர் வழக்கம் என்றார். ராசாமணி கூடையோடு நின்றாள், செங்கோடன் ரிசீவரைக் காதில் வைத்தான். நீ ஒரு வார்த்தை பேசினாயா? அவனும் கண்கலங்கினான். மாமா வெடுக்கென்று ரிசீவரை வாங்கினார், வைத்துவிடப் போகிறார் என்றே நினைத்தேன். ஆனால் தன் காதில் வைத்துக் கொஞ்சநேரம் கேட்டார். பிறகு, "அழுகறது நம்மூட்டுப் புள்ளதானுங்க. அவ வந்துபோட்டாள், சீரை ஆரம்பிங்க" என்றார். உங்கப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையல் பந்தல் பக்கம் போய்விட்டார். அந்த மாமாவுக்கும் அமீர் ஹம்சாவுக்கும் நான் எப்படி நன்றி சொல்வேன் கண்ணு.

கூடை சுமந்தவளுக்குக் கொடுக்கும் சீர்ப் புடவையை ராசாமணி வாங்க மாட்டேன் என்றுவிட்டாள், அது அக்காவுடையதாம். பீரோவில் வைத்திருக்கிறேன், பிள்ளையோடு வந்து கட்டிக்கொள். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, ஐஸ் தண்ணீர் குடிக்காதே. நல்ல சுகமாகப் பெற்றுப் பிழைத்து நூறு வயது இரு. பிள்ளை பிறந்ததும் போன் போடு, நீ பேசிச் சிரமப்பட வேண்டாம், ரிசீவரைப் பிள்ளையின் வாய்ப்பக்கம் பிடி போதும், அழுகையைக் கேட்டே நம் வீட்டுப் பிள்ளை என்று நாங்கள் தெரிந்துகொள்கிறோம்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
முத்தாத்தாள்