மூடாத கேட்

அண்ணா,

"இழுத்து மூடிடு" என்று போனில் சொன்னாயே, அந்த நாய்க் காப்பகத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

வாடிக்கையாளர்கள் பொருள் வாங்கும்போதெல்லாம் அவர்கள் தேர்ந்தெடுத்த தொண்டு நிறுவனத்துக்கு ஒரு சிறு பங்கு தரும் திட்டத்தை நீ வேலை பார்க்கும் ஆன்லைன் கம்பெனி நிறுத்திவிட்டது. பெரிய பலன் இல்லையாம். எங்கள் நாய்கள் அந்தப் பணத்தில்தான் சாப்பிட்டன. எங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார் என்று கேட்டேன். ரகசியமாம். லாபமும் நல்ல பெயரும் உங்களுக்கு, பட்டினி எங்களுக்கா?

உங்கள் கம்பெனி பார்சல்காரர்தான் வழி சொன்னார். "எந்த வீட்டுல நாய் இருக்குன்னு எங்க கெண்டைக்காலைக் கேளுங்கக்கா!" அவரும் கூட்டாளிகளும் பார்சலோடு எங்கள் நிலைமையையும் வாசல் வாசலாகக் கொண்டுபோனார்கள்.

இன்று காலை கேட் கொள்ளாத கூட்டம். அரிசி, தீவனம், பழைய போர்வைகள். மாதாமாதம் தருவதாகப் பேர் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு நாயைக்கூட வெளியே அனுப்ப மாட்டேன்.

முதல் மூட்டையைச் சுமந்து வந்தவர் யார் தெரியுமா? அண்ணி! இத்தனை வருஷமும் எங்களைத்தான் தேர்ந்தெடுத்தாராம்.

பார்சல்காரர் அண்ணியிடம் காலைக் காட்டினார். "இது உங்க வீட்டு நாய் கடிச்சது, அக்கா."

அண்ணி மூட்டையை இறக்கிவிட்டுச் சொன்னார்: "ஆளை மாத்திக் கடிச்சிருக்கு. என் வீட்டுக்காரரைக் கடிச்சிருக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை நீயும் வா. கூண்டு கழுவ ஆள் வேண்டும்.

ஜெயித்துவிட்ட
உன் தங்கச்சி