மூன்றாவது கோடு

கண்ணான பிலோமினா,

நீ காய்ச்சலில் கண்ணை மூடிய பிறகு எத்தனையோ செய்திகள் சேர்ந்துவிட்டன. இது மட்டும் காத்திருக்காது. சென்ற வாரம் ஒருநாள் விடியுமுன் கடலுக்குப் போன உன் நைனா மதியமாகியும் திரும்பவில்லை.

காலையில் அவருடைய கட்டுமரத்துப் பாயை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் ராயபுரம் மாதா கோயில் கோபுரத்திலிருந்து, சிவப்பு மிதவைக்கு நேரே. மற்றவர் துறைமுகச் சுவரிலிருந்து, நங்கூரமிட்ட ஒரு கப்பலுக்கு நேரே. பாய் நகரவில்லையாம். பிறகு மழை மூடிக்கொண்டது. தேடப் போக இருந்த ஒரே மோட்டார்ப் படகில் எண்ணெய் ஒரு நடைக்குத்தான் இருந்தது. எங்கே தேடுவது?

நம் பள்ளிக்கூடத்துக் கணக்குதான், பிலோ. துறைமுகப் படத்தைப் பார்த்து கிராப் தாளில் புள்ளிகள் வைத்தேன். ஒவ்வொருவர் பார்வையும் ஒரு கோடு, ஒரு சமன்பாடு. இரண்டும் வெட்டும் இடத்தில் உன் நைனா.

ஆனால் கோடுகள் கிட்டத்தட்ட ஒரே திசையில் ஒட்டி ஒட்டியே போயின. அளவுகோல் இம்மி சாய்ந்தாலும் வெட்டும் இடம் ஒரு மைல் தள்ளிப் போனது. பரீட்சையில் நீ இப்படித்தான் தப்பு விடை எழுதிவிட்டு, "பென்சில் தடியா கீது, நான் இன்னா பண்றது?" என்று டீச்சரிடமே வாதாடினாய்.

"இன்னாம்மா, கோலம் போட்டுக்கினு கீற?" என்று படகுக்காரர் கத்தினார். "எடத்தச் சொல்லு, போவலாம்!"

"இது போதாதுண்ணே. திருவொற்றியூர்ல யாராவது பார்த்தாங்களான்னு கேக்கணும். அங்கேருந்து வர்ற கோடுதான் இதைக் குறுக்கே வெட்டும்."

"அதுக்குள்ள ஆளு முழுகிட்டா? நீயா பதில் சொல்வே?"

நான்தான் சொல்வேன் என்றேன். சைக்கிளில் ஒருவன் டோல்கேட் வழியாகத் திருவொற்றியூருக்குப் பறந்தான். அவன் வரும்வரை உன் அம்மா என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. நீ இருந்தால் காத்திருக்கச் சொல்வாயா, கிளம்பச் சொல்வாயா?

அங்கே வலை உலர்த்திய ஓர் அம்மாள், கரிக்கப்பலுக்கு நேரே அந்தப் பாயைப் பார்த்திருந்தாள். தான் நின்ற இடத்தையும் சரியாகச் சொல்லியனுப்பினாள். மூன்றாவது கோடு மற்ற இரண்டையும் பளிச்சென்று வெட்டியது. நான் முதலில் குறித்ததைவிட வெகுதூரம் உள்ளே, ஆழத்துப் பக்கம்.

படகு மழைக்குள் போய் மறைந்தது. இயந்திரச் சத்தமும் அடங்கியது. எனக்கு ஜெபம்கூட வரவில்லை.

மாலையில் அவரைத் தூக்கி வந்தார்கள். துடுப்பு ஒடிந்து, நங்கூரக் கல்லை இறக்கிவிட்டுக் கட்டுமரத்தைக் கட்டிப்பிடித்துக் கிடந்தாராம். கண் திறந்து என்னைப் பார்த்தவர், "பிலோ, வூட்டுக்குப் போலாம்மா" என்றார்.

அதுவரை மாமா என்று கூப்பிட்ட வாயால், "வா நைனா" என்றேன். கோபமா உனக்கு?

மறுநாளே தெளிந்துவிட்டார். ஆனாலும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்; தெரிந்தேதான் என்று நினைக்கிறேன். அவர் கூப்பிடும் காலமெல்லாம் திரும்பிப் பார்ப்பேன். இது சத்தியம்.

உன் பெயரை இரவல் வாங்கிய தங்கை,
சரோஜா