கதவைச் சாத்திக்கொண்டு கேள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், வழக்கம்போல் சத்தமாகவும் இருக்கிறார்கள். அங்கே குளிர் குறைந்து உன் ஜலதோஷம் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், அதுவும் கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

நீ விட்டுப்போன வயலினை எடுத்து நான் கற்றுக்கொள்ள ஆரம்பித்ததிலிருந்து இந்த வீட்டில் யாருக்கும் என் மேல் இரக்கமில்லை. பகல் முழுக்கத் தையல் கடையில் துணி வெட்டித் தைத்துவிட்டு வந்து சாயங்காலம் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். வில்லைக் கையில் எடுத்ததுதான் தாமதம், உன் அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடி காணாமல் போய்விடும். அது அவர் நெற்றிக்கு மேலேதான் ஏறி உட்கார்ந்திருக்கும். அதைக் காட்டிவிட்டுத் திரும்பினால் டிவியில் நாலு பேர் கத்துவார்கள், அதை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு அவர் தூங்கியும் விடுவார். மாடி வீட்டுத் தச்சர் அப்போதுதான் ஆணி அடிக்கத் தொடங்குவார். உன் அண்ணன் இருக்கிறானே, ஆபீஸ் கூட்டத்தைப் போனிலேயே நடத்துகிறான், தெருக்கோடி வரை கேட்கும், அவன் என்னிடம் வந்து, "அம்மா, கொஞ்சம் சத்தத்தைக் குறைம்மா" என்கிறான். இந்த வீட்டில் நான் வாசிப்பது ஒன்றுதான் சத்தமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் வில்லாலேயே இரண்டு போட்டிருப்பேன், வில் உன்னுடையதாயிற்றே என்று விட்டேன்.

இத்தனைக்கும் நடுவில்தான் நான் கற்றுக்கொண்டிருந்த பாட்டை முதல் முறையாக எங்கும் நிற்காமல் கடைசி வரை வாசித்து, போனில் பதிந்து, உனக்கு மட்டும் அனுப்பினேன். நீ என்ன பதில் போட்டாய்? குக்கர் விசில் கேட்டுச்சும்மா, அப்பா இருமினது கேட்டுச்சு, மேல் வீட்டு ஆணிச் சத்தம்கூட அப்படியே இருக்கு, நம்ம வீட்டுலயே உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு, தினமும் போட்டுக் கேக்குறேன் என்று. வயலினைப் பற்றி மருந்துக்கும் ஒரு வார்த்தை இல்லை. நன்றாக இருக்கிறது என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். வீட்டை நினைத்து நீ ஏங்குவது புரியாமல் இல்லை, பெற்றவளுக்கு அது வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் குக்கரை அடுப்பில் ஏற்றியவளும் நான்தான், அந்தக் கூச்சலில் ஒரு மூலையில் உட்கார்ந்து வாசித்தவளும் நான்தான். நீ சின்ன வயதில் இதே வயலினை வாசித்தபோது இந்த வீட்டில் ஈ பறக்க விட்டேனா? எவ்வளவு அவசரத் துணியானாலும் தையல் மெஷினை நிறுத்தினேன், டிவியை அணைத்தேன், அண்ணனைத் தெருவுக்குத் துரத்தினேன், உன் அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே காவல் நின்றேன். எனக்கு யார் நின்றார்கள்?

சரி, நேற்று எனக்கு நானே நின்றுகொண்டேன். அப்பாவை முடிவெட்ட அனுப்பினேன், அண்ணனைப் போனோடு மொட்டைமாடிக்கு ஏற்றினேன், குக்கர் வைக்கவில்லை, தச்சரிடம் போய்க் கேட்டேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா, நீங்க வாசிக்கிறது எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். அதற்கும் எனக்குக் கோபம்தான். வீடு அமைதியானதும் வாசிக்க உட்கார்ந்தேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன், ஒரு இடத்தில் சுருதி விலகிவிட்டது. இருந்தாலும் மறுபடி வாசிக்காமல் அப்படியே பதிந்து வைத்திருக்கிறேன், இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த பிறகுதான் அனுப்புவேன். அதில் அப்பா இருமமாட்டார், குக்கர் கூவாது. தப்பு உட்பட அத்தனையும் நான்தான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நல்லபடியாக இருக்க வேண்டும், எத்தனை கோபத்திலும் அந்த ஆசீர்வாதத்தில் மாற்றமில்லை. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, நான் வாசித்ததைக் கேட்கும்போது உன் அறைக் கதவைச் சாத்திக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா