இல்லை என்று சொல்லும் வேலை

1999 மார்ச் 2
இன்று நாலைந்து பேருக்கு ஃபோன் செய்து, "உங்களை எடுக்கவில்லை" என்று சொன்னேன். ஒருவர் பட்டென்று வைத்துவிட்டார். தில்லி நேரு பிளேஸில் மற்ற வேலைவாய்ப்பு ஏஜென்சிக்காரர்கள் வேலை கிடைத்தவர்களை மட்டும்தான் கூப்பிடுவார்கள். எங்கள் சாவித்திரி மேடத்துக்கு அது ஆகாது. "கிடைக்கலைன்னாலும் அன்னிக்கே சொல்லிடணும். காக்க வெக்கறது பாவம்" என்பார். நியாயம்தான். ஆனால் சொல்வது நானல்லவா?

மார்ச் 5
ஆனாலும் இந்த வேலை பிடித்திருக்கிறது. போன மாதம் குமாஸ்தா வேலை கேட்டு வந்த ஒருவரோடு மேடம் சற்று நேரம் பேசினார். ஓட்டலுக்குச் சாமான் வாங்கிப் போடும் பொறுப்புக்கு அனுப்பினார். இப்போது அங்கே அவரை விடமாட்டோம் என்கிறார்கள். ஆளை எடை போடுவதில் மேடத்தை மிஞ்ச ஆளில்லை.

மார்ச் 8
நான் தங்கியிருப்பது அக்கா ஜலஜா வீட்டில். இன்று அவள் பிடித்துக்கொண்டாள். அவள் கணவர் அத்திம்பேர், அவருடைய கம்பெனி மூடியதிலிருந்து வீட்டோடு இருக்கிறார். "ஊருக்கெல்லாம் வேலை வாங்கித் தரே. ஆத்துல இருக்கறவர் கண்ணுக்குத் தெரியலையா, சுஷ்மா?" ஓக்லாவில் ஒரு அக்கவுண்டன்ட் வேலை இருக்கிறது. மேடத்திடம் உறவைச் சொல்லியே அவரை அனுப்பினேன். "சிபாரிசெல்லாம் கிடையாது" என்றார் மேடம். முருகா, இது கிடைக்கவேண்டும்.

மார்ச் 11
கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்தவரை எடுத்துக்கொண்டார்கள்.

"ஆத்துல போய்ச் சொல்லிக்கறேன் மேடம்."

"எல்லாருக்கும் எப்படியோ அப்படித்தான். இப்பவே பேசு" என்று எங்கள் வீட்டு நம்பரை அழுத்தி ஸ்பீக்கரைப் போட்டார். கல்நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் வைதேன்.

சாப்பிட்டாச்சா, கரண்ட் இருக்கா — ஏதேதோ கேட்டேன். அத்திம்பேரே சொன்னார்: "கிடைக்கலை, அதானே? இனிமே யாருக்கானாலும் முதல்ல அதைச் சொல்லிடும்மா. நீ குசலம் விசாரிக்கற வரைக்கும் இங்க மனசு அடிச்சுக்கறது. ஆனா சொன்ன கையோட வெச்சுடாதே. செத்த நேரம் லைன்ல இரு."

மேடம் அத்திம்பேரின் பயோடேட்டாவை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

மார்ச் 12
அக்கா என்னோடு பேசவில்லை.

மார்ச் 15
அத்திம்பேரை மேடம் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார். எதற்கு? கேட்டால் சிரிக்கிறார். அக்கா தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

மார்ச் 22
எனக்கு எதிர் மேஜையில் இன்று முதல் அத்திம்பேர். இத்தனை வருஷம் கணக்கு எழுதியவருக்கு மேடம் கொடுத்திருப்பது வேறு வேலை. தேர்வாகாதவர்களோடு இனி அவர்தான் பேசவேண்டும். முதல் ஃபோனை எடுத்தார். "பத்ரி பேசறேன், சார். இந்த வேலை உங்களுக்குக் கிடைக்கலை." இந்தியில் அவ்வளவுதான் சொன்னார். பிறகு வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்த மனுஷர் நன்றி சொல்லி, தன் சிநேகிதர் ஒருவரையும் நம்மிடம் அனுப்புவதாகச் சொன்னாராம். எனக்கு ஒரு நாளும் இப்படி நடந்ததில்லை. மேடத்தை வைததற்கு என் வாயில்தான் போட்டுக்கொள்ளவேண்டும்.

காலையில் அக்கா இரண்டு டிபன் டப்பா கட்டி வைத்திருந்தாள். ஒன்றை என் பக்கம் தள்ளி, "இது உனக்கு" என்றாள்.